அய்யா வெளுத்து வைத்த சேலை

என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அய்யாவுக்கு,

சுற்றி வளைத்துப் பேசினால் உங்களுக்குப் பிடிக்காது. அதனால் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறுபடியும் நர்சு வேலை கிடைத்துவிட்டது. மேகமலையில், தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில். தங்குவதற்கு ஓர் அறையும் கொடுத்திருக்கிறார்கள். மத்தியானத்திலேயே மேகம் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதவைச் சாத்தினாலும் வருகிறது.

இதை நாலு பேர் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். நான் மதுரையில் நர்சு படித்த காலத்தில் எழுதிய கடிதங்களையெல்லாம் அனுமந்தன்பட்டிக் காப்பிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்வீர்களாமே. உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பது ஒரு காரணம். ஊர் கேட்க வேண்டும் என்பதுதான் பெரிய காரணம். எனக்குத் தெரியாதா உங்களை? தலைக்கு எண்ணெய் இல்லை, பேன் பிடித்துவிட்டது என்று நான் எழுதியதைக்கூட ஊரே கேட்டிருக்கிறது. இந்தக் கடிதத்தையும் கேட்கட்டும்.

பழசை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனாலும் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமான மறு வருஷமே மலைக்காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்தார். நான் வெள்ளைச் சேலையோடு வீட்டுக்குத் திரும்பினேன். ஆத்தா அதற்கு முன்பே போய்விட்டாள். மூலையில் உட்காரச் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டைப் பூட்டினீர்கள், மதுரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தீர்கள்.

அங்கே உடுப்பு என்று கொடுத்ததும் வெள்ளைச் சேலைதான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கே போனாலும் இந்த வெள்ளைதானா என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் சேலையைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தீர்கள்.

"அது ஊரு குடுத்த வெள்ளை. இது நீ படிச்சு வாங்கப்போற வெள்ளை. ரெண்டும் ஒண்ணா ஆத்தா?" என்றீர்கள்.

படித்து முடித்து வேலைக்குப் போன ஊரின் பெயரை எழுத எனக்கு இன்றைக்கும் இஷ்டமில்லை. 'அந்த ஊர்' என்றே சொல்கிறேன். பணக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி. அதன் கமிட்டித் தலைவர் வீட்டு மருமகளே பிரசவத்துக்கு வந்தாள். வாசலில் சோசியர், கடிகாரம், பாய், வெற்றிலைத் தட்டு எல்லாம் தயாராக இருந்தன. என் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார்கள். நம் பக்கத்து வழக்கம்தானே. பிள்ளை பூமியில் விழுந்த கணம் உள்ளே இருப்பவள் பழத்தை வாசலுக்கு உருட்டிவிட வேண்டும். பழம் வந்த நேரத்தைச் சோசியர் குறித்துக்கொள்வார், அதை வைத்து ஜாதகம் எழுதுவார்.

பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றி, உடம்பெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது. நான் பழத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கொடியை எடுத்து, வாயில் விரலைவிட்டுச் சளியைத் துடைத்து, என் வாயை வைத்து ஊதினேன். ஊதினேன், ஊதினேன், ஊதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் நன்றாகவே அழுதாள். எலுமிச்சம்பழம் என் இடுப்பிலேயே இருந்தது.

வெளியே வந்ததும் நேரம் கேட்டார்கள். கடிகாரம் பார்க்கவில்லை என்றேன். ஏதாவது ஒரு நேரத்தைச் சொல் என்றார்கள். பார்க்காத நேரத்தை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவ்வளவுதான். "தாலியறுத்தவ கை பட்டதுமில்லாம, புள்ளையோட நேரத்தையும் தொலைச்சுப்புட்டாளே" என்று தலைவர் வீட்டம்மா மாரில் அடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் என்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பிழைத்ததைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

தகரப்பெட்டியோடு நான் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நீங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்.

"புள்ள அழுதுச்சா?"

"அழுதுச்சுய்யா."

"அப்பச் சரி. கை கழுவிட்டு வந்து சாப்புடு."

அப்புறம் வந்த வருஷங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கம்பம் முதல் பெரியகுளம் வரை ஆஸ்பத்திரி என்று பெயர் இருந்த இடத்துக்கெல்லாம் நடந்தோம். 'எலுமிச்சம்பழ நர்சு' என்ற பேர் எனக்கு முன்னாலேயே அங்கங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஊரில் பிரசவம் என்றால் என்னைக் கூப்பிட மாட்டார்கள். எதிரே வந்தால் ஒதுங்குவார்கள். நான் நாற்று நட்டேன், களை பறித்தேன். ஊசி போட்ட கையில் சேற்றுப்புண் வந்தது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? மாதம் தவறாமல் அந்த நர்சுச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுப்பீர்கள். மற்ற துணியெல்லாம் வெளுக்கப் போகும். இது மட்டும் போகாது. வெள்ளாவியில் ஊர்த் துணியோடு கலந்துவிடும் என்பீர்கள். நீங்களே வாய்க்காலுக்குக் கொண்டுபோய், உவர்மண் போட்டுத் துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, வேலியில் படாமல் இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே கயிறு கட்டிக் காயப்போடுவீர்கள். முறுக்கு மீசை வைத்த, ஏர் பிடிக்கிற சம்சாரி, பெண்பிள்ளை சேலையை அலசுகிறார் என்று வாய்க்கால் மேட்டில் போகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

"என்னண்ணே, புதுத் தொழிலா?" என்று யாராவது கேட்டால், "ஆமப்பா. நாளைக்கே எம் மகளைக் கூப்புட்டாகன்னா அழுக்குச் சேலையோடவா போவா?" என்பீர்கள்.

கட்டாத சேலை எப்படி அழுக்காகும் என்று ஒருவராவது உங்களைக் கேட்டார்களா? எனக்கும் கேட்க வாய் வரவில்லை. ஒருநாள் மட்டும் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "யாருய்யா என்னையக் கூப்புடப் போறாக? கொளுத்திப் போடுங்க அந்தச் சேலைய!" நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தம் போடாதத்தா, கஞ்சி காயட்டும்" என்றீர்கள். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்றும் செய்வீர்கள். அந்த ஊர்ச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே தலைவர் வீட்டுத் தெரு வழியாகத்தான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள். வந்ததும் எனக்குச் சேதி சொல்வீர்கள். புள்ள தவழுது. புள்ள நிக்குது. புள்ள பாவாடை கட்டிக்கிட்டு ஓடுது. நான் காதில் வாங்காதவள் மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நீங்கள் சந்தைக்குப் போகாத வாரம் எனக்குச் சோறு இறங்காது. அது உங்களுக்குத் தெரிந்திருக்குமா?

நீங்கள் போய் மூன்று தை கழிந்துவிட்டது, அய்யா. கடைசியில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியபோது நான்தான் பார்த்துக்கொண்டேன். அதுவும் நர்சு வேலைதான், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் நீங்கள் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

போன சித்திரையில் ஒருநாள் உங்கள் கூட்டாளி, வண்டிக்காரக் கருப்பண்ண மாமா களத்துமேட்டுக்கே வந்துவிட்டார். சின்னமனூரிலிருந்து மலையடிவாரத்துக்கு எஸ்டேட் அரிசி ஏற்றிப் போகிறவர் அவர்தானே. "ஏத்தா பேச்சி, மலையில இருந்த நர்சம்மா பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாகளாம். ஆளு கிடைக்கலையாம். அங்கன எலுமிச்சம்பழக் கதையெல்லாம் எவனுக்கும் தெரியாது. போயி ஒரு வார்த்தை கேளு" என்றார். யுத்தம் யாருக்கு என்ன நல்லது செய்ததோ, எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது.

அன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்தேன். சேலை மடிப்பில் பழுப்பேறி இருந்தது. நானே துவைத்தேன். நீலம் எவ்வளவு போடுவது என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளாமலே இருந்துவிட்டேன் பாருங்கள். திட்டுத் திட்டாகப் பிடித்துவிட்டது. மறுபடி அலச நேரமில்லை. மடித்து வைத்து, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, அடிவாரம் வரை மாமா வண்டியிலும் அப்புறம் அரிசி சுமக்கிறவர்களோடு நடந்துமாக மலையேறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது கால் முழுக்க அட்டைக்கடி.

டாக்டர் மலையாளத்துக்காரர், வயசானவர். என் சர்டிபிகேட்டைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் எங்கே இருந்தது?"

"வயல்ல, சார்."

"எதுக்கு வேலை போச்சு?"

மறைக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, அய்யோ என்று சொல்லவும் இல்லை. "கை மறந்திருக்கும். புது மருந்தெல்லாம் வந்திருக்கு. முதல்ல ஒரு மாசம் ஆயா வேலை பார்க்கட்டும். கை சரியில்லைன்னா கீழே போக வேண்டியதுதான்" என்றார்.

எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சர்டிபிகேட் வாங்கிய நர்சு, பீக்கோப்பை கழுவுவதா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்றுதான் திரும்பினேன். வாசல்வரைகூடப் போனேன். வெளியே பார்த்தால் மேகம், ஒரு அடிக்கு அப்பால் பாதையே தெரியவில்லை. திரும்பி வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

கழுவினேன், பெருக்கினேன், ஊசிகளை வெந்நீரில் போட்டு எடுத்தேன். சல்பா மாத்திரை எதற்கு, எவ்வளவு என்று கம்பவுண்டரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு காய்ச்சல்காரியின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். முதலில் என் நாடிதான் எனக்குக் கேட்டது, அவளுடையது பிடிபடவே இல்லை. பயந்துபோனேன். டாக்டர் சொன்னது நிஜம்தானோ, கை மறந்துதான் போயிற்றோ? கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் விரலடியில் அது துடித்தது. எனக்கு அங்கேயே கும்மி அடிக்க வேண்டும் போலிருந்தது.

மாசம் முடிவதற்குள் ஒரு மத்தியானம் டாக்டர் எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் போயிருந்தார். அங்கே மரம் சாய்ந்து ஒரு ஆளுக்குக் கால் முறிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கங்காணி தன் மருமகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார். ஆள்கட்டி மேய்க்கிற கங்காணி என்றால் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் டாக்டராலேயே என்னை வைத்துக்கொள்ள முடியாது. பின்னாலேயே கங்காணி வீட்டம்மாவும் வந்தார். கையில் என்ன தெரியுமா அய்யா? எலுமிச்சம்பழம்.

"நர்சம்மா எங்கன?" என்று கங்காணி கேட்டார்.

"நர்சு இல்லீங்க. ஆயாதான் இருக்கு" என்றார் கம்பவுண்டர்.

"நான் நர்சுதான்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது நான் என்றே தெரிந்தது.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். ஆயா உடுப்பை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நீலத் திட்டோடு உங்கள் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். கம்பவுண்டர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். கங்காணி வீட்டம்மா என் கழுத்தைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார்.

"புருசன் இல்லாதவளா நீயி? ஒங் கையிலயா எங்க வீட்டு மொதப் புள்ள விழணும்?"

கட்டிலில் கிடந்த பெண் தலையைத் தூக்கினாள். "யாரு கையா இருந்தா என்னத்தே? இங்கன எனக்கு உசுரு போகுது!"

பழத்தை என்னிடம் நீட்டினார் அந்த அம்மா. நான் வாங்கவில்லை. "எனக்கு ரெண்டு கையும் புள்ளைக்கு வேணும் ஆத்தா. நீங்க கதவோரம் உக்காருங்க. புள்ள வந்ததும் நீங்களே உருட்டுங்க. ஒங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை" என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது. வாசலில் கங்காணி கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிள்ளை வந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை, அய்யா. மறுபடியும் அதே மாதிரி கழுத்தில் கொடி, அதே நீலம். ஒரு கணம் அந்த ஊர் ஆஸ்பத்திரிதான் என் கண்ணுக்குள் நின்றது. அப்புறம் கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது. கொடியை எடுத்தேன், சளியைத் துடைத்தேன், உள்ளங்காலைத் தட்டினேன், ஊதினேன். எனக்கு எதுவும் மறந்துபோகவில்லை. நாற்று நட்ட வருஷமெல்லாம் என் விரல்கள் இதை எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கின்றன.

பிள்ளை இருமியது. அப்புறம் ஓவென்று அழுதது. நான் நிமிர்ந்து கதவோரம் பார்த்தேன். கங்காணி வீட்டம்மா எலுமிச்சம்பழத்தை இரண்டு கையாலும் மாரோடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பிள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உருட்டவே இல்லை!

வெளியிலிருந்து கங்காணி கத்தினார். "ஏய், பழம் எங்க? நேரம் போகுதுல்ல!"

"அட நீங்க வேற! புள்ள மூச்சு விடுமா விடாதான்னு நான் செத்துப் பொழைச்சுக்கிட்டு இருக்கேன், பழமாம் பழம்! புள்ள அழுகுறது காது கேக்கலையா ஒங்களுக்கு?" என்று இந்த அம்மா உள்ளேயிருந்து திருப்பிக் கத்தினார்.

நான் சிரித்தேன், அய்யா. எத்தனை வருஷத்துச் சிரிப்பு அது! பிள்ளையைத் துடைக்கத் துடைக்க, நிறுத்த முடியாமல் சிரித்தேன். அந்த ஒரு வேலைக்கென்றே உட்கார்ந்திருந்தவருக்கே மறந்துபோயிற்று. சொந்தப் பாட்டிக்கே மறந்தது. இதற்காகவா என்னை அத்தனை வருஷம் வயலில் நிறுத்தினார்கள்?

சாயங்காலம் அந்த அம்மா என்னிடம் வந்தார். வெற்றிலையும் மஞ்சளும் வைத்து, அதன்மேல் அந்த எலுமிச்சம்பழத்தையும் வைத்து நீட்டினார். வெள்ளைச் சேலை கட்டிய நாளிலிருந்து ஒருவரும் எனக்கு மஞ்சள் கொடுத்ததில்லை. "வாங்கிக்கத்தா. எம் பேரனுக்கு உசுரு குடுத்த கையி" என்றார். வாங்கிக்கொண்டேன். அப்புறம் அறைக்குப் போய் அந்தப் பழத்தை இரண்டாக வெட்டி, பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். நல்ல புளிப்பு.

இருட்டுவதற்கு முன் டாக்டர் வந்தார். பிள்ளையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். என் சேலையையும் நீலத் திட்டுகளையும் பார்த்தார். "இதைக் கட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

"எங்கய்யா" என்றேன்.

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. "அந்த ஆயா உடுப்பை நாளைக்கு ஸ்டோர்ல திருப்பிக் கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் உங்கள் திதிக்காக லீவு கேட்டுக் கீழே இறங்கினேன். லீவு கேட்டு இறங்கினேன், கவனித்தீர்களா? வேலையில் இருக்கிறவள்தானே லீவு கேட்க முடியும்! வீட்டுக்குப் போகும் வழியில் அந்த ஊரில் இறங்கி, நீங்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வரும் அதே தெரு வழியாக நடந்தேன். உடுப்போடுதான் நடந்தேன். கஞ்சி மொடமொடவென்று இருந்தது.

தலைவர் வீட்டு வாசலில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். ஓர் ஆடு வந்து வாயை வைத்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து போட்டாள் பாருங்கள் ஒரு சத்தம், தெரு முழுக்கக் கேட்டது. ஆடு எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். "மெதுவாக் கத்து புள்ள. காது அடைக்குது" என்றார். அவர்தான் அந்தத் தலைவர். என்னை நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்ததா? தெரியவில்லை, நான் நின்று கேட்கவும் இல்லை.

அவள் என் சேலையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். "நீங்க யாரு?"

"நர்சு."

"ஊசி போடுவீகளா?"

"போடுவேன்."

ஒரே ஓட்டமாக உள்ளே ஓடிவிட்டாள். அவளுக்கு ஜாதகம் எழுதினார்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தொண்டை இருக்கிறது, அய்யா. அந்தத் தொண்டையைத் திறந்துவிட்டது உங்கள் மகள்.

உங்கள் திதியன்று வாய்க்காலில் நானே இந்தச் சேலையைத் துவைத்தேன். நீலம் இப்போது சரியாக வருகிறது. அதே இரண்டு வேப்ப மரத்துக்கு நடுவே கயிறு கட்டிக் காயப்போட்டேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்தச் சேலை கிழிந்தால் அடுத்தது வாங்கிக் கட்டுவேன், அதுவும் கிழிந்தால் அதற்கடுத்தது. வேலை செய்து கிழியட்டும். பெட்டிக்குள் மட்டும் இனி வைக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

நீங்கள் பெற்ற மகள்,
நர்சு பேச்சியம்மாள்